மூக்கே இல்லாமல் மோப்பம் பிடித்த கணக்கு

மளிகைக் கடையில் வருடக் கடைசியில் இருப்பு எடுக்கிறார்கள். சரக்கில் கால்வாசி கண்ணிலேயே படவில்லை என்றால் கணக்கு என்னாகும்? செல்லில் உள்ள புரதங்களை மொத்தமாக எண்ணக் கிளம்பிய விஞ்ஞானிகளுக்கு இதுதான் நடந்தது!

மனித மரபணுக்களில் ஏறக்குறைய கால்வாசி, செல்லின் சவ்வுகளில் உட்காரும் புரதங்களுக்கானவை. மருந்துகளில் பாதிக்கு மேல் இவற்றின் மீதுதான் வேலை செய்கின்றன. ஆனால் சவ்வு என்பது கொழுப்பு. அதில் ஊறிய புரதம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது (கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிப் பாருங்கள், புரியும்).

1975-ல் பேட்ரிக் ஓ'ஃபாரல் என்பவர் ஒரே ஜெல் பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியா புரதங்களைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டினார். பெரிய சாதனைதான். ஆனால் சவ்வுப் புரதங்கள் பெரும்பாலும் பாதி வழியிலேயே படிந்து, கணக்கில் வராமல் போயின.

2001-ல் அமெரிக்காவில் ஜான் யேட்ஸ் குழு ஜெல்லையே தூக்கிப் போட்டது. முழுப் புரதம் கரையாவிட்டால் என்ன, துண்டு துண்டாக வெட்டினால் துண்டுகள் கரையுமே! அந்தத் துண்டுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை போட்டு, எந்தப் புரதத்தின் துண்டு என்று கணினியில் தேடினார்கள். ஈஸ்டில் 1,484 புரதங்கள் கிடைத்தன. அதில் 131 புரதங்கள் சவ்வை மூன்று முறையாவது ஊடுருவிச் செல்பவை என்று கணிக்கப்பட்டவை.

அடுத்தது பெங்களூரு. அங்குள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த அகிலேஷ் பாண்டேயும் சேர்ந்து, 30 வகை மனிதத் திசு, செல் மாதிரிகளிலிருந்து 17,294 மரபணுக்களின் புரதங்களைப் பட்டியலிட்டார்கள். 2014 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. அதே இதழில் ஜெர்மனிக் குழு ஒன்றின் பட்டியலும் வந்தது.

அங்கேதான் சிக்கல். ஸ்பெயினில் மைக்கேல் டிரெஸ் முதலானோர் இரண்டு பட்டியல்களையும் தணிக்கை செய்தார்கள். இரண்டிலும் நூற்றுக்கு மேல் வாசனை உணரும் ஏற்பிகள்! இவை சவ்வுப் புரதங்கள், முக்கியமாக மூக்கில் இருப்பவை. ஆனால் இரு குழுக்களும் மூக்குத் திசுவை எடுக்கவே இல்லை. வராத சரக்குக்கு வரவு வைத்த கதை!

மோசடி எதுவும் இல்லை. கோடிக்கணக்கான அளவீடுகளைக் கணினி ஒப்பிடும்போது, தெளிவில்லாத சில துண்டுகள் தற்செயலாகப் பொருந்திவிடும். முன்பு இருப்பதை விட்டார்கள், இப்போது இல்லாததைச் சேர்த்தார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் (தணிக்கை படிப்பவர்களைக் கேளுங்கள்).

2016-ல் உலக மனிதப் புரதத் திட்டம் விதியை இறுக்கியது. புதிதாக ஒரு புரதம் இருக்கிறது என்று சொல்ல, குறைந்தது 9 அமினோ அமில நீளமுள்ள இரண்டு தனித்தனித் துண்டுகளாவது சாட்சிக்கு வேண்டும். வாசனை ஏற்பிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறவில்லை.