வருடல் கால அட்டவணையும் செயற்கைக்கோள் காற்றளவையும்

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, பூமியின் சுழற்சிக்கு ஒத்த கதியில் சுற்றிவருவதால் ஒரே பிரதேசத்தை ஓயாமல் நோக்கும் ஆற்றல் வாய்ந்த வானிலைச் செயற்கைக்கோள்களுக்கு, எந்தப் பகுதியை எத்தனை நிமிஷங்களுக்கு ஒருமுறை படம்பிடிப்பது என்று முன்கூட்டியே வகுக்கப்படும் ஒழுங்கு வருடல் கால அட்டவணை எனப்படும். மேலுக்கு நிர்வாகக் காரியமாகவே தோன்றும் இவ்வொழுங்குதான், மேகங்களின் பெயர்ச்சியிலிருந்து கணிக்கப்படும் காற்றின் தரத்தையும் பரவலையும் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது.

செயற்கைக்கோளின் படக்கருவி காற்றை நேராக அளப்பதில்லை. அடுத்தடுத்து எடுத்த படங்களில், வழக்கமாக மூன்றில், ஒரு மேகத் திரளையோ நீராவியின் செறிவு வேறுபாட்டையோ அடையாளங்கண்டு, அது நகர்ந்த தூரத்தை இடைப்பட்ட காலத்தால் வகுத்து வேகத்தைப் பெறுவதும், அதன் உஷ்ணநிலையைக் கொண்டு உயரத்தை மதிப்பிடுவதுமே முறை. 1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-1 செயற்கைக்கோளில், வெர்னர் சுவோமியின் சிந்தனையில் உருவான சுழல்வருடல் காமிரா ஒரே நிலையிலிருந்து வரிசையாகப் படங்களை அனுப்பத் தொடங்கிய பின்னரே இம்முறை சாத்தியமாயிற்று. சூறாவளி ஆராய்ச்சியால் புகழ்பெற்ற டெட்சுயா புஜிட்டாவும் அப்படங்களைக் கொண்டு மேகங்களின் போக்கை அளந்தவர்களுள் ஒருவர்.

படங்களுக்கு இடையே விடப்படும் அவகாசம் எவ்வளவு இருக்கலாம் என்பதே இத்துறையின் தலையாய பிரச்சினை. அவகாசம் நீண்டால் மேகம் உருமாறிவிடும். கடல்மேல் தாழ மிதக்கும் சிறு மேகங்கள் அரைமணி நேரத்துக்குள் கலைந்து, அவை இருந்த இடத்தில் வேறு மேகங்கள் தோன்றிவிடுவதால், கணக்கு ஒன்றை விட்டு மற்றொன்றைப் பின்பற்றிச் சென்று பொய்யான காற்றைத் தரும். அவகாசத்தைக் குறுக்கினாலோ எதிர்மாறான இடர் எழுகிறது. படத்தின் மிகச்சிறு புள்ளி 4 கிலோமீட்டர் அகலமுடையதென்று கொண்டால், மேகத்தின் இடத்தைக் குறிப்பதில் ஒரு புள்ளி பிசகினாலும், 30 நிமிஷ அவகாசத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் அளவோடு நிற்கும் பிழை, 5 நிமிஷ அவகாசத்தில் 13 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. புள்ளியின் அகலம் அரைக் கிலோமீட்டராகச் சுருங்கினால் அதே 5 நிமிஷத்தில் பிழை 1.7 மீட்டர்தான். ஆகவே படத்தின் நுட்பமும் வருடலின் விரைவும் சேர்ந்தே வளர வேண்டியவை. மெதுவாக உருமாறும் நீராவிப் படங்களுக்கு அரைமணி போதுமானதாயிருக்க, நுட்பமான ஒளிப்படங்களில் தாழ்ந்த மேகங்களைத் தொடர 5 நிமிஷ அளவில் வருடுவதே ஏற்றது.

அட்டவணை மாறும் தருணங்களில் மற்றொரு சூக்ஷ்மமும் உண்டு. செயற்கைக்கோளுக்குத் தெரியும் பூமியின் முகம் முழுவதையும் காட்டும் முழுவட்டப் படம் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதன்று. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வரிவரியாக வருடப்படுவது. சிறு பகுதியை வருடும் ஒழுங்கிலிருந்து முழுவட்டத்துக்கு மாறும்போது, ஒரே இடத்தை இருமுறை நோக்கியதற்கு இடைப்பட்ட உண்மையான காலம் படங்களின் தொடக்க நேரங்களின் வித்தியாசத்துக்குச் சமமாக இராது. வரிக்குரிய நேரத்தையே கணக்கில் கொள்ளாவிட்டால் வேகம் முழுவதும் பிழைபடும்.

அட்டவணையின் செல்வாக்கை அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் வரிசையில் தெளிவாகக் காணலாம். 1994-ல் ஏவப்பட்ட கோஸ்-8 முழுவட்டத்தை ஒருமுறை வருட 26 நிமிஷம் எடுத்துக்கொண்டமையால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையே அப்பணி ஒதுக்கப்பட்டு, எஞ்சிய நேரம் பகுதிப் படங்களுக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கடும்புயல் அபாயம் நேர்ந்து துரித வருடல் கட்டளையிடப்பட்டால், அந்நாட்டின் படங்கள் 7.5 நிமிஷ அளவில் வந்துகொண்டிருக்க, தென் அமெரிக்காவுக்கோ பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்கொரு முழுவட்டப் படமே கிடைத்தது. அத்தனை இடைவெளியில் எந்த மேகத்தையும் தொடர இயலாது. வடபுலத்துக்குக் கூர்மையான காற்றளவைகளை வழங்கிய அதே கட்டளை, தென்புலக் கடல்களில், வானொலி பலூன்களை ஏவும் நிலையங்களே அரிதான அப்பரப்பில், இருந்த சொற்ப அளவைகளையும் பறித்துக்கொண்டது. கருவி குறைபட்டதால் நேர்ந்ததன்று இது. ஒரே கருவியின் நேரத்தை யாருக்கு முதலில் பங்கிடுவது என்ற தீர்மானத்தால் நேர்ந்தது. 2006-ன் இறுதியில் கோஸ்-10 மேற்குத் தீர்க்கரேகை 60 பாகைக்கு நகர்த்தப்பட்டு, 2009 வரை தென் அமெரிக்காவுக்கெனவே பணிபுரிந்தது அக்குறைக்குச் செய்த தக்க பரிகாரமாகும்.

இந்திய சமுத்திரத்தின்மேல், படங்களை அடிக்கடி பெறும் இதே நோக்கம் வேறு யுக்தியால் நிறைவேறியது: கிழக்கு 82 பாகையில் இந்தியாவின் இன்சாட்-3டியும் 74 பாகையில் இன்சாட்-3டிஆரும் தனித்தனியே அரைமணிக்கு ஒருமுறை வருடினாலும், அவற்றின் நேரங்களை மாற்றி அமைத்து 15 நிமிஷத்துக்கொரு படம் பெறப்பட்டது.

2015-ல் பணிதொடங்கிய ஜப்பானின் ஹிமாவாரி-8 முழுவட்டத்தையே 10 நிமிஷத்தில் வருடித் தந்தது. கோஸ்-16ம் 2019 ஏப்ரல் முதல் முழுவட்டத்தை 10 நிமிஷத்துக்கும், அமெரிக்க ஐக்கிய நாடுகளை 5 நிமிஷத்துக்கும், புயல்சூழ்ந்த சிறு பரப்புகளை ஒரு நிமிஷத்துக்கும் ஒருமுறை ஒருங்கே நோக்கலாயிற்று. படங்களின் கூர்மையினும், ஒருவர் தேவைக்காக மற்றவர் பங்கு குறைய வேண்டியதில்லை என்ற இந்நிலையே பெரும் பேறு. ஆயினும் மேகத்தின் உயரத்தை மதிப்பிடுவதில் நேரும் பிழை, வருடலை எவ்வளவு விரைவாக்கினும் நீங்காமல், இக்காற்றளவைகளின் முதன்மையான குறையாக இன்றும் நீடிக்கிறது.