கண்ணுக்குப் படாத கணுக்கள்

1898-ஆம் ஆண்டு வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்த்ஹைம், கருப்பையையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் வயிற்றின் வழியே விரிவாக அகற்றும் அறுவையை மேற்கொண்டபோது, கருப்பை வாய்ப் புற்று நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறதா என்று அறிய அவருக்கு விரல்களைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. வயிற்றைத் திறந்தபின் தடவிப் பார்த்து, பருத்திருந்தவற்றை மட்டும் அவர் எடுத்தார். பருமனோ நம்பத்தக்க சான்றன்று. அழற்சியாலும் கணு வீங்கும், புற்றுச் செல்கள் குடியேறிய கணு இயல்பான அளவிலேயே இருக்கவும் கூடும். 1940-களில் பாஸ்டனின் ஜோ மெய்க்ஸ் இடுப்புக் கணுக்களை முழுமையாகவே அகற்ற வலியுறுத்தியது இச்சிக்கலுக்கு ஒரு விடைதான், ஆனால் அது முன்னறிதல் ஆகாது.

அறுவைக்கு முன்னரே காணும் முயற்சி, 1950-களில் லண்டனில் ஜான் கின்மந்த் உருவாக்கிய நிணநீர் நாளப் படமெடுப்பால் வலுப்பெற்றது: பாதத்தின் விரலிடுக்கில் நீலச் சாயத்தைச் செலுத்தி, தோலடியில் நூலிழைபோல் புலப்படும் நாளத்தைக் கீறி வெளிக்கொணர்ந்து, அதில் நுண்ணூசியேற்றி, எக்ஸ்-கதிரில் தெரியும் மருந்தை மெல்லச் செலுத்துவர். பொறுமையைச் சோதித்த இம்முறையைப் பின்னர் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் ஓரங்கட்டின, எனினும் குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கணுவை ஐயத்துக்குரியதாகக் கொள்ளும் வழக்கம், வெர்த்ஹைமின் விரல் செய்த அதே பிழையைச் சற்று நுட்பமாகச் செய்தது எனலாம். ஆகவே கட்டியின் அளவு, அது ஊடுருவிய ஆழம், நுண்நாளங்களுக்குள் செல்கள் நுழைந்திருத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கும் போக்கு வளர்ந்தது. கணுநிலையை நோயின் படிநிலைக்குள் சேர்க்க, ஃபிகோ எனும் பன்னாட்டு மகளிர் நோயியல், மகப்பேறியல் கூட்டமைப்பு 2018 வரை தாமதித்தது. அப்போதும் படத்தால் அறிந்ததை ‘ஆர்’ என்றும், திசு ஆய்வால் உறுதிசெய்ததை ‘பி’ என்றும் தனித்தனியே குறிக்கச் சொன்னது.