சிவகாசி டிரங்க் காலும் சுவிட்சைக் கடந்த குரலும்

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்தே சிவகாசியின் சந்தை வெளியூரில்தான் இருந்தது. பட்டாசும் அச்சும் சேர்ந்த பிறகு, தீபாவளி ஆர்டர்களுக்குத் தந்தியும் டிரங்க் கால் என்ற வெளியூர்த் தொலைபேசி அழைப்புமே துணை. ஆபரேட்டரிடம் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுக்காதவர்கள் எட்டு மடங்குக் கட்டணம் கட்டி ‘லைட்னிங்’ கால் போட்டார்கள்.

அந்தக் குரல் கடந்த பாதையில் சுவிட்சுகள் நிறைய. சில இடங்களில் ஆபரேட்டர் செருகும் பிளக், சில இடங்களில் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி ஸ்ட்ரௌஜர் சுவிட்ச். இரண்டிலும் பேச்சு உலோகத் தொடுமுனைகள் வழியே அப்படியே கடந்தது. தொடுமுனை சிக்னலுக்கு வலு சேர்ப்பதில்லை, கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தூசி படிந்தால் கரகரப்பையும் கலந்துவிடும். நெடுந்தூர லைன்களின் இடையே பெருக்கிகள் உண்டு; அவை குரலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கின.

இதனால் லைனைப் போடுமுன்பே இழப்பைக் கணக்கிட வேண்டியிருந்தது. கேபிளின் நீளம் இரட்டித்தால் சிக்னலின் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் 1855-இல் காட்டினார். அவர் விட்டுவைத்த தூண்டலையும் கசிவையும் சேர்த்து, உருச்சிதையாத லைனுக்கான நிபந்தனையை 1887-இல் வகுத்தவர் ஆலிவர் ஹெவிசைடு. லைனில் இடைவெளி விட்டுச் சுருள்களைப் பொருத்தும் பூபின் என்பவரின் முறை அதிலிருந்தே பிறந்தது.

காகிதக் கணக்கோடு ‘செயற்கை லைன்’ என்ற பெட்டியும் இருந்தது. மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் கோத்துப் பல மைல் கேபிளைச் சோதனைச் சாலை மேசையிலேயே போலச் செய்யும் கருவி அது. இன்றைய சிமுலேஷனின் முன்னோடி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். மைலுக்கு 88 ஓம் தடையும் 0.054 மைக்ரோஃபாரட் மின்தேக்கமும் கொண்ட ‘தர கேபிள்’ அளவுகோலானது. சுவிட்ச் பலகையின் இழப்பையும் இத்தனை மைல் கேபிளுக்குச் சமம் என்றே குறித்தனர். 1928-இல் டெசிபல் என்று பெயர் பெற்ற அலகு ஏறக்குறைய அந்தக் கேபிளின் ஒரு மைல் இழப்புதான்.

1984-இல் தொடங்கிய சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தின் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் குரலை எண்களாக மாற்றின. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. முறையில் 04562 என்ற ஒரே குறியீடு அமைந்தது, புக் செய்து காத்திருக்கும் வழக்கம் ஒழிந்தது.

வலு சேர்க்காத சுவிட்ச் மட்டும் ஒழியவில்லை. யு.எஸ்.பி. போன்ற அதிவேகத் தடங்களை மாற்றிவிடும் சிறு சிப்பாக அது சர்க்யூட் பலகைக்குள் குடியேறியது. 1973-இல் வெளிவந்த ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளும், சிப்பின் முனைகள் நடந்துகொள்ளும் விதத்தைக் குறிக்கும், 1993-இல் தொடங்கிய ஐபிஸ் மாதிரிகளும் செயற்கை லைனின் வேலையைக் கணினியில் செய்கின்றன. ஐபிஸில் தொடர்-சுவிட்சுக்கென்றே ஒரு வகை உண்டு. ஆனால் அது மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் அட்டவணை. ஜிகாபிட் வேகத்தில் அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் இழப்பையும் எதிரொலிப்பையும் சொல்ல எஸ்-அளவுருக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பையும் தனியே ஓட்டிப் பயனில்லை. சிப் சிக்னலைப் புதுப்பிக்காததால், அனுப்பும் முனை, தடம், சுவிட்ச், பெறும் முனை எல்லாவற்றையும் ஒரே லைனாகக் கோத்துத்தான் கணக்கிட வேண்டும்.