வருவான் என்ற சொல்

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவது செய்தி மேசையில் எனது நாளாந்த வேலையாக இருந்தது. அவற்றில் என்னை அடிக்கடி தடுத்து நிறுத்திய சொல் ‘ஹோப்ஃபுலி’. ‘அடுத்த மாதம் பாதை திறக்கும்’ என்று சொல்லிவிட்டு, ஆங்கிலம் பேசுவோர் அதன் பின்னால் இந்தச் சொல்லை ஒட்டிவிடுவர். திறந்தால் மகிழ்ச்சி, திறக்காவிட்டால் எவரும் பொறுப்பல்லர்.

‘நம்பிக்கையோடு’ என்பதே அச்சொல்லின் பழைய பொருள். ‘அப்படி நடக்கும் என நம்புவோம்’ என்ற பொருளில் அது 1960களில் பரவியபோது மொழித்தூய்மை பேசியோர் கொதித்தனர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு அதனை ஏற்றுக்கொண்டது 2012இல்தான். அதற்கு முந்திய தலைமுறையினர் ‘கடவுள் சித்தமானால்’ என்பதன் இலத்தீன் சுருக்கமாகக் கடிதங்களில் ‘டி.வி.’ என்று எழுதினர். நாளையைப் பற்றி உறுதி கூறாதே என்ற யாக்கோபு நிருபத்தின் அறிவுரையே அதன் வேர்.

வன்னிக்கு இந்த இரவல் தேவைப்படவில்லை. அங்கே ‘ஆக்கும்’ இருக்கிறது, ‘பாப்பம்’ இருக்கிறது. காலபோகத்துக்கு வானத்தைப் பார்த்து விதைக்கும் விவசாயி, ‘இந்த முறை இரணைமடு நிரம்புமாக்கும்’ என்பார். மழையை நம்பி வாழ்பவனின் பணிவு அது. பொறுப்பிலிருந்து நழுவுதல் அன்று.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. அவ்வாண்டு கிளிநொச்சியில் ஒரு பெரியவரிடம், “சமாதானம் நிலைக்குமா ஐயா?” என்று கேட்டேன். “நிக்குமாக்கும் தம்பி, பாப்பம்” என்றார். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அந்த ‘ஆக்கும்’ எவ்வளவு அளந்து சொல்லப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பின்னர் அங்கு சென்றபோது ஒரு தாயிடம் பேசினேன். கையிலிருந்த படத்தைக் காட்டி, “மகன் வருவான்” என்றார். ‘ஆக்கும்’ இல்லை; ‘பாப்பம்’ இல்லை. மழைக்கும் சமாதானத்துக்கும் ஒட்டிக்கொண்ட அந்தச் சொற்களை, பிள்ளையின் விடயத்தில் அவர் அருகிலும் அண்டவிடவில்லை.

அன்றிரவு செய்தியை எழுதினேன்: ‘தமது மகன் திரும்பி வருவார் எனத் தாயொருவர் நம்பிக்கை தெரிவித்தார்.’ பல்லாயிரம் தடவை எழுதிப் பழகிய வசனம். மறுபடி வாசித்தபோதுதான் உறைத்தது: அது எங்கள் பத்திரிகைத் தமிழின் ‘ஹோப்ஃபுலி’. அவர் சொல்லாத ஐயத்தை நான் அவர் வாயில் வைத்திருந்தேன்.

வசனத்தைத் திருத்தினேன்: ‘மகன் வருவான் என்றார்.’