முத்திரைக் காசு யார் கொடுப்பது?

1840க்கு முன்னர் பிரிட்டனில் கடிதம் வந்தால், அநேகமாக அதைப் பெறுபவர்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரோலண்ட் ஹில் சொன்ன யோசனைப்படி அந்த வருடம் ஒரு பென்னி முத்திரை வந்தது. செலவு அனுப்புகிறவர் பக்கம் போனது. மின்னஞ்சல் நம்மைத் திரும்பவும் 1840க்கு முந்திய இடத்துக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினிக் கம்பனியின் விற்பனையாளரான கேரி துர்க், அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலர் கொதித்தார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் அனுப்ப முத்திரைச் செலவு ஒரு சதமும் இல்லை. ஸ்பாம் மடல்களின் முழு வரலாறும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

அப்படியானால் அனுப்புகிறவருக்கு ஒரு செலவை வைத்தால் என்ன? 1992இல் சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் இருவரும் அழகான வழி ஒன்று சொன்னார்கள்: ஒவ்வொரு மடலுக்கும் அனுப்பும் கணினி ஒரு சிறு புதிரைத் தீர்க்கட்டும். ஒரு புதிருக்கு 10 விநாடி என்று வைத்தால், ஒரு கணினியால் நாளொன்றுக்கு 8640 மடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. 1997இல் அடம் பேக் செய்த ஹாஷ்கேஷும் இதே வழிதான். (பின்னாளில் பிட்கொயின் எடுத்துக்கொண்டது இந்த யோசனையைத்தான்.) ஆனால் 2004இல் லோரி, கிளேட்டன் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்து இது சரிவராது என்றார்கள். ஸ்பாம்காரன் பயன்படுத்துவது பிறரிடம் களவாகப் பிடித்த கணினிகளை. மின்கட்டணம்கூட அவனுடையது இல்லை! அதே வருட ஆரம்பத்தில்தான் பில் கேட்ஸ், இரண்டு வருடத்தில் ஸ்பாம் தீர்ந்துவிடும் என்று டாவோஸில் சொல்லியிருந்தார்.

வடிகட்டிகள் நன்றாகவே முன்னேறின. ஆனால் வடிகட்டுவதற்கான செலவும் பெறுகிற பக்கத்திலேயே. ராவ், ரைலி என்ற இரு பொருளியலாளர்கள் 2012இல் போட்ட மதிப்பீடு இது: அமெரிக்கர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 20 பில்லியன் டொலர் செலவு, உலகம் முழுக்க ஸ்பாம்காரர்களின் வருமானம் சுமார் 200 மில்லியன். அவன் ஒரு டொலர் உழைக்க மற்றவர்கள் நூறு டொலர் இழக்கிறார்கள்.

அந்த ஒரு டொலர் எங்கிருந்து வருகிறது? 2008இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் ஸ்டோர்ம் என்ற களவுக் கணினி வலையமைப்புக்குள் புகுந்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து விற்கும் மடல்கள் சுமார் 35 கோடி, விற்பனை 28. இலாபம் அவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது. நூலை எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி.

2011இல் ஆய்வாளர்கள் மடல்களை விட்டுவிட்டுக் காசின் பின்னால் போனார்கள். ஸ்பாமில் வந்த பொருட்களைத் தாங்களே காசு கொடுத்து வாங்கி, அந்தக் காசு எந்த வங்கிக்குப் போகிறது என்று பார்த்தார்கள். மருந்து, போலிக் கைக்கடிகாரம், மென்பொருள் ஆகியவற்றை விற்ற ஸ்பாம்களில் 95 சதவீதத்தின் காசு விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போனது. ஒரு டொமைன் பெயர் போனால் ஸ்பாம்காரன் சில டொலரில் இன்னொன்று வாங்கிக்கொள்வான். கார்ட் கட்டணம் ஏற்கும் வங்கி அப்படிக் கிடைக்காது. அடுத்த வருடங்களில் பொருட்களின் உரிமையாளர்கள் கார்ட் கம்பனிகளிடம் முறைப்பாடு செய்ய, வங்கிகள் அந்தக் கணக்குகளை மூடத் தொடங்கின. மடல் அனுப்ப ஆட்கள் இருந்தார்கள், வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள், காசை ஏற்கத்தான் வங்கி இல்லை.