அருளும் மறதியும் அளவுகோலும்

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையை நம் சங்கத்து அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். சித்தூரிலும் கங்கம்மா ஜாத்திரை உண்டு. கூட்டத்தில் ஒருவர் தன்னை மறந்து ஆடினால், "அம்மா வந்துட்டா" என்று கும்பிடுகிறோம். அதே தன்மறப்பு வகுப்பறையில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வந்தால், "நடிக்குது" என்கிறோம். இல்லாவிட்டால் வேப்பிலை அடிக்கிறோம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி?

நினைவும் உணர்வும் 'நான்' என்ற எண்ணமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதை மேலைநாட்டார் 'டிஸோஸியேஷன்' என்பர். இதனை அளக்க 1986இல் ஈவ் கார்ல்சன், பிராங்க் புட்னம் இருவரும் பெரியவர்களுக்காக 28 கேள்விகள் வகுத்தனர். வளரிளம் பருவத்தினருக்கான 30 கேள்விகள் 1997இல் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். சராசரி 4 ஆனால் மேலும் விசாரிக்க வேண்டும். நோய் என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

ஆனால் ஒருநாள் கல்லாவை எண்ணிக் கடையின் நிலையைச் சொல்ல முடியுமா? பேரேட்டைப் புரட்ட வேணும். அப்படியொரு பேரேடு அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1975இல் தொடங்கியது. வறுமையில் வாடிய 267 கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 168 பேரின் 19 ஆண்டு விவரத்தை ஒகாவா, ஸ்ரூஃப் முதலியோர் 1997இல் வெளியிட்டனர். சிறுவயதுத் தன்மறப்பு துன்பத்துக்கு இயல்பான எதிர்வினையாக இருக்கலாம். வளரிளம் பருவத்தில் காணப்படுவதே மனக்கோளாற்றைச் சுட்டக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதிர்ச்சி எந்த வயதில் நேர்ந்தது, எத்தனை காலம் நீடித்தது என்பதோடு, கைக்குழந்தைப் பருவத்துத் தாய்-சேய் ஒட்டுறவும் இதனை முன்னறிவித்தது.

நம் பக்கத்திலும் பேரேடு உண்டு. 'யங் லைவ்ஸ்' ஆய்வு 2002 முதல் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் சுமார் 3000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. நம் அண்டை மாவட்டங்களான கடப்பாவும் அனந்தபூரும் அதில் அடங்கும். வறுமை, உடல் வளர்ச்சி, கல்வி ஆகியவையே அதன் மையப்பொருள். இத்தகைய ஏட்டில் தன்மறப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது அடியேன் கருத்து.

அதற்காக அமெரிக்கக் கேள்விகளை அப்படியே தமிழிலோ தெலுங்கிலோ பெயர்த்தால், ஜாத்திரையில் ஆடும் பிள்ளையும் நோயாளியாகிவிடும். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடே, சமயமும் சமூகமும் ஏற்ற அருள்நிலையை நோயாகக் கொள்வதில்லை. ஆகவே எங்கே வந்தது, பிள்ளைக்கு அதனால் வேதனை உண்டா, படிப்பு கெடுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

ஆடிய பிள்ளை மறுநாள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் கவலையில்லை. வெறித்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேட்போம்.