எல்லாப் பழியும் ஒரு ஆளின் தலையில்

ஆர்தர் ராஜாவின் கதைகள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு என்னவோ அவருக்கு முன்னால வாற ஒரு ஆளிலதான் கண். பெயர் வோர்ட்டிகேர்ன், 5ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய அரசன். சக்சன்களைக் கூப்பிட்டு நாட்டைப் பறிகொடுத்தவன் எண்டுதான் உலகம் இவரை நினைவு வைத்திருக்கு.

ஆனால் இந்தப் பழி ஒரே நாளில் வந்ததில்லை.

முதலில் எழுதியவர் கில்டாஸ் என்ற துறவி, 6ஆம் நூற்றாண்டில். உரோமப் படைகள் போன பிறகு வடக்கிலிருந்து பிக்டுகள் தாக்க, ஒரு இறுமாப்புப் பிடித்த கொடுங்கோலன் சக்சன்களைக் கூலிப்படையாக அழைத்தான் என்கிறார். பெயர் சொல்லவில்லை. வோர்ட்டிகேர்ன் எண்டால் அந்தக்கால பிரித்தானிய மொழியில் 'மேலான தலைவன்' என்ற மாதிரி ஒரு அர்த்தம். அதை வைத்துத்தான் கில்டாஸ் நக்கலடித்திருக்கிறார் எண்டு ஆய்வாளர் பலர் நினைக்கினம். முக்கியமான விசயம், கில்டாஸ் அரசனை மட்டும் திட்டவில்லை. ஆலோசனைச் சபையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்தே குருடாய்ப் போனார்கள் என்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அந்த முடிவு அவ்வளவு பைத்தியக்காரத்தனமும் இல்லை. வெளியாட்களுக்கு உணவுப்படி கொடுத்து எல்லையைக் காக்க வைப்பது உரோமர் காலம் காலமாகச் செய்த வேலை. படி காணாது எண்டு சக்சன்கள் கிளம்பின பிறகுதான் எல்லாம் பிழைத்தது.

731இல் பீட் எழுதும்போது அரசனுக்குப் பெயர் வருகிறது, ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்ற தலைவர்களும் வருகினம். எண்டாலும் அரசனோடு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் எண்டுதான் அவரும் எழுதுகிறார்.

அதுக்குப் பிறகு ஒரு நூறு வருசம். குவினெத் அரசன் மெர்வினின் 4ஆம் ஆட்சியாண்டில், 829, 830 அளவில், 'பிரித்தானியர் வரலாறு' என்ற இலத்தீன் நூல் வருகிறது. இதில வோர்ட்டிகேர்ன் விருந்தில் வெறித்துப்போய் ஹெங்கிஸ்டின் மகளைக் கேட்கிறான். விலையாக கென்ட் நாட்டையே கொடுக்கிறான், அதுவும் கென்ட் அரசனுக்கே தெரியாமல். சொந்த மகளையும் விட்டு வைக்கவில்லையாம். புனித ஜெர்மானுஸ் சபிக்கிறார். கட்டும் கோட்டை இரவோடிரவாக மறையுது. தகப்பனில்லாத ஒரு பெடியன் வந்து, நிலத்துக்குக் கீழ ஒரு குளத்தில் சிவப்பு நாகமும் வெள்ளை நாகமும் சண்டை பிடிக்குது எண்டு காட்டுறான். (1136 அளவில் ஜெஃப்ரி ஒஃப் மொன்மத் இந்தப் பெடியனைத்தான் மெர்லின் ஆக்கிவிட்டார்.) கதை நடந்த இடமாகச் சொல்லப்படும் தினாஸ் எம்ரிஸ் குன்றை 1950களில் தோண்டினபோது, உள்ளே உண்மையாவே ஒரு குளம் இருந்திருக்கு!

கடைசியில் வானத்து நெருப்பில் எரிந்து சாகிறான். இல்லை, எல்லாராலும் வெறுக்கப்பட்டு மனமுடைந்து அலைந்து செத்தான். இல்லை, நிலம் பிளந்து விழுங்கியது. ஒரே நூல் மூன்று விதமாகவும் சொல்லுது. ஒருதரம் சாகடித்தது காணாது போல. அந்தச் சபை எங்க போனதெண்டு யாரும் கேட்கவில்லை.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. வடகிழக்கு வேல்ஸில், வால் குரூசிஸ் மடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது, எலிசெக் தூண். கிட்டத்தட்ட அதே காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், பவிஸ் அரசன் கங்கென் தன் பூட்டன் எலிசெக்கின் நினைவாக நட்டது. அதில் வோர்ட்டிகேர்ன் துரோகி இல்லை, முன்னோன். மனைவி உரோமப் பேரரசன் மக்சிமுஸின் மகள் செவீரா. மகன் பிரிட்டு. அங்க சபித்த அதே ஜெர்மானுஸ், இங்க ஆசீர்வதிக்கிறார்.

குவினெத்தும் பவிஸும் அயல் இராச்சியங்கள், போட்டிக்காரர். பக்கத்து வீட்டானின் பூட்டனைப் பற்றி ஆர் நல்லாச் சொல்லப்போகினம்? இதுக்காக தூண் சொல்வது உண்மை, புத்தகம் பொய் எண்டும் சொல்லேலாது. தூணுக்கும் ஒரு தேவை இருந்தது.

புத்தகம் படியெடுக்கப்பட்டுப் பரவியது. தூண் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க் காலத்தில் விழுத்தப்பட்டது. 1696இல் எட்வர்ட் லூயிட் என்றவர், அப்போது வாசிக்கக்கூடியதாக இருந்த வரிகளைப் பார்த்து எழுதி வைத்தார். திரும்ப நிமிர்த்தி வைத்த கல் இப்பவும் நிற்கிறது. ஆனால் எழுத்துகளை வாசிக்க முடியாது.